மலையில் தொலைநோக்கி, அடிவாரத்தில் தெருவிளக்கு: கிருஷ்ணகிரி, தருமபுரி உள்ளாட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

இரு மாவட்டங்களின் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மன்றத்தாருக்கும், தனி அலுவலர்களுக்கும், பொறியாளர்களுக்கும், மாலையில் சுவிட்சைப் போட்டுக் காலையில் அணைக்கும் தொட்டி ஆபரேட்டர்களுக்கும் வணக்கம்.

டியூப்லைட்டையும் சோடியம் விளக்கையும் கழற்றிவிட்டு மாட்டிய முதல் சுற்று எல்இடி விளக்குகள் பல ஊர்களில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அடுத்த சுற்றுக்கு மதிப்பீடு போடும் நேரம் இது. அந்த மதிப்பீட்டில் சில வரிகளைச் சேர்க்க வேண்டும், இப்போது கம்பத்தில் இருக்கும் விளக்குகளின் கோணத்தைத் திருத்த வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறோம். காரணம் ஜவ்வாது மலையில் இருக்கிறது.

ஊத்தங்கரையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 45 கி.மீ., கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டர் உயரத்தில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. மாவட்டக் கணக்கில் அது திருப்பத்தூருக்குச் சொந்தம். ஆனால் அதன் மேற்கு வானமும் தென்மேற்கு வானமும் நம் தலைக்கு மேல் இருப்பவை. 1960களில் தென்னிந்தியாவில் இடம் தேடி அலைந்த வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைப் பிடித்துக்கொண்டதற்கு அட்சரேகை ஒரு பெரிய காரணம். 12.5 பாகை வடக்கில் நின்றால் வடக்கே சப்தரிஷி மண்டலமும் கிடைக்கும், தெற்கே ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்தும் 30 பாகை உயரத்துக்கு எழும். ஐரோப்பாவின் பெரும்பாலான ஆய்வகங்களுக்கு அந்தத் தெற்கு வானம் அடிவானத்துக்குக் கீழே.

1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோள் கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தபோது, கானிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் இங்கே பதிவானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனைக் கடந்தபோது அதன் வளையங்களைக் காட்டிய பதிவுகளில் காவலூரின் பதிவும் ஒன்று. 1986இல் இந்தியாவிலேயே வடித்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982இலேயே மறைந்துவிட்டார். 1988இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர். 2014இல் 1.3 மீட்டர் தொலைநோக்கியும் சேர்ந்தது.

இத்தனையும் இருட்டை நம்பி நடப்பவை. எவ்வளவு மங்கலான பொருளைப் பிடிக்கலாம் என்பதில் கண்ணாடியின் அகலத்துக்கு எவ்வளவு பங்கோ, பின்னணி வானம் எவ்வளவு கறுப்பு என்பதற்கும் அவ்வளவு பங்கு. மிக மங்கலான பொருள்களுக்குக் கணக்கு எளிது: வானம் 10 சதவீதம் வெளுத்தால் அதே தரமான படத்துக்கு 10 சதவீதம் கூடுதல் நேரம் வேண்டும். பத்து இரவு வேலை பதினோரு இரவாகும். வானம் இரு மடங்கு வெளுத்தால் இருபது இரவு. காவலூரில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆண்டில் பாதியை விழுங்கிவிடும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல வானம், அதிலும் அமாவாசையை ஒட்டிய இரவுகளே மங்கலான பொருள்களுக்கு உகந்தவை. எண்ணிப் பார்த்தால் கைவிரல் கணக்குக்கு அருகே வந்துவிடும்.

ஒரு நாடு வானாய்வுக்குப் பேர்போன நாடாக வளர்வது எப்படி என்பதற்குச் சிலியைச் சொல்வார்கள். அடகாமா பாலைவனம், குளிர்ந்த கடல் நீரோட்டம் மேகத்தைத் தாழ்வாகவே கட்டிவைப்பது, ஆண்டீஸ் மலை கிழக்கின் ஈரத்தைத் தடுப்பது என்று இயற்கை கொடுத்தது நிறைய. 1960களில் செர்ரோ தொலோலோவிலும் லா சியாவிலும் குவிமாடங்கள் எழுந்தன. பிறகு பரனாலில் 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கு, 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்கள் கொண்ட அல்மா வானொலித் தொலைநோக்கி, 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகம் என்று வரிசை நீண்டது. 39 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி அர்மசோனஸ் மலையில் கட்டப்பட்டு வருகிறது.

நாங்கள் உங்களுக்குச் சொல்ல விரும்புவது மலை உச்சியில் நடந்ததை விட அடிவாரத்தில் நடந்ததை. தொலோலோவுக்குக் கீழே கடற்கரையில் லா செரீனா என்ற நகரம் இருக்கிறது, சாலை வழியே சுமார் 80 கி.மீ. அந்த நகரம் வளர வளர விளக்கும் கூடியது. 1998இல் சிலி அரசு வடக்கின் மூன்று மாகாணங்களுக்குத் தெருவிளக்கு விதி ஒன்றைக் கொண்டுவந்தது. 2000இல் ஆய்வகங்களும் அரசின் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து வான்தரப் பாதுகாப்புக்கென்றே ஓர் அலுவலகம் திறந்தன. மேயர்களுக்கும் சுரங்க நிறுவனங்களுக்கும் எந்த விளக்கு வாங்கலாம், எப்படி மாட்டலாம் என்று வழிகாட்டுவதுதான் அதன் வேலை. எல்இடி வந்ததும் பழைய விதி போதவில்லை. 2012இல் திருத்தினார்கள். நீல ஒளியை இறுக்கிப் பிடிக்கும் புதிய விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பரனாலுக்குச் சில கி.மீ. தொலைவில் ஒரு பெரிய தொழில் வளாகத் திட்டம் ஒப்புதலுக்குப் போனபோது, பரனாலை நடத்தும் ஐரோப்பிய தெற்கு வானாய்வகம் அங்கே ஒளி மாசு குறைந்தது 35 சதவீதம் கூடும் என்று கணக்கிட்டு எதிர்த்தது. இத்தனை தொலைநோக்கிகள் வைத்திருக்கும் நாட்டிலேயே நிலைமை இப்படி.

நம் நாட்டிலும் பாடம் இருக்கிறது. ஹைதராபாத்துக்கு அருகே ஜபல்-ரங்காபூரில் 1.2 மீட்டர் தொலைநோக்கி ஒரு காலத்தில் நல்ல வேலை செய்தது, நகரத்தின் வெளிச்சம் அதை முடக்கியது. நைனிதாலின் வெளிச்சத்தை விட்டு விலகித்தான் 2016இல் 3.6 மீட்டர் தொலைநோக்கியைத் தேவஸ்தலில் நிறுவினார்கள். லடாக்கின் ஹன்லேவில் 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவித்து, வீட்டு ஜன்னலுக்குத் திரை, தெருவிளக்குக்கு மூடி என்று வேலை நடக்கிறது. காவலூரை இடம் மாற்ற முடியாது. இந்த அட்சரேகையில் வேறு மலை தேடுவதற்குள் அங்கேயும் ஹைமாஸ்ட் என்னும் உயர்கம்ப விளக்கு நின்றிருக்கும்.

நம் பங்கு எவ்வளவு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். 1970களில் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தைச் சேர்ந்த மெர்ல் வாக்கர் ஒரு சூத்திரம் கொடுத்தார். ஊரின் மக்கள்தொகையை, கி.மீ. தொலைவின் 2.5 அடுக்கால் வகுத்து, 0.01ஆல் பெருக்க வேண்டும். அந்த ஊரின் திசையில் 45 பாகை உயரத்தில் இயற்கை வானத்தை விட எத்தனை பங்கு வெளிச்சம் கூடும் என்பது தோராயமாகக் கிடைக்கும். தொலைவு இரட்டித்தால் தாக்கம் ஐந்தரை மடங்குக்கு மேல் குறையும். 2011 கணக்கில் சுமார் 71,000 பேர் கொண்ட கிருஷ்ணகிரிக்கு 2 சதவீதம் வருகிறது. காவலூரிலிருந்து 30 கி.மீ.க்குள் இருக்கும், சுமார் 64,000 பேர் கொண்ட திருப்பத்தூருக்கு 14 சதவீதம். 140 கி.மீ. தள்ளி இருந்தாலும் ஒரு கோடிப் பேர் வாழும் பெங்களூருக்கு 40 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஆகவே நாம்தான் முதல் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காவலூரிலிருந்து பார்க்கப் பெங்களூரும் ஓசூரும் கிருஷ்ணகிரியும் பர்கூரும் ஒரே மேற்குப் பக்கத்தில் அடுக்கி நிற்கின்றன. சூரியன் மறைந்ததும் மேற்கே தாழ்வாகத் தெரியும் வால்நட்சத்திரத்தைப் பிடிக்க வேண்டிய திசை அது. பெங்களூரின் விளக்கு நம் கையில் இல்லை. அதன் மேல் நாம் அடுக்குவது நம் கையில் இருக்கிறது. சூத்திரத்துக்கு இன்னொன்றும் தெரியாது: அது அந்தக் காலத்து விளக்குகளுக்கும் தலைக்கணக்குக்கும் போட்டது. இன்று நெடுஞ்சாலையோரச் சந்திப்பில் வீடு பத்து, ஹைமாஸ்ட் இரண்டு.

இனி கம்பத்துக்கு வருவோம்.

வானத்துக்கு அதிகக் கேடு செய்வது நேர் மேலே போகும் ஒளி என்று நினைப்பது இயல்பு. உண்மையில் கிடைமட்டத்துக்குச் சற்றே மேலே, 0 முதல் 20 பாகைக்குள் கிளம்பும் ஒளிதான் மோசம். நேர் மேலே போவது சில கி.மீ. காற்றைக் கடந்து வெளியேறிவிடும். சாய்ந்து போவது தாழ்வான, தூசி நிறைந்த காற்றுக்குள் பல பத்து கி.மீ. பயணம் செய்து வழியெல்லாம் சிதறும். 45 கி.மீ. தள்ளி இருக்கும் மலைக்கு ஊத்தங்கரையின் வெளிச்சம் போய்ச் சேர்வது அந்த வழியில்தான்.

அந்தச் சாய்வை நாமே பொருத்தி வைத்திருக்கிறோம். சோடியம் விளக்குக் காலத்தில் கம்பத்தின் ஜிஐ பைப் கையை 15 முதல் 30 பாகை வரை மேல்நோக்கி வளைத்து வைத்தார்கள், ஒளி சாலையின் எதிர்ப்பக்கம் வரை எட்டட்டும் என்று. அந்தக் கையை மாற்றாமல் அதே நுனியில் தட்டையான எல்இடி விளக்கைச் செருகினோம். தட்டைக் கண்ணாடி விளக்கு தரைக்கு இணையாக இருந்தால் மேலே ஒளி போகாது. 20 பாகை சாய்த்தால் முன்பக்கம் கிளம்பும் ஒளியில் ஒரு பகுதி நேராக அந்த மோசமான கோணத்துக்குள் நுழைகிறது. எதிரே வரும் பைக்காரர் கண்ணும் கூசுகிறது.

திருத்துவது ஒரு கம்பத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட வேலை. மின்வாரியத்திடம் எல்சி (லைனை அணைத்து வேலை செய்யும் அனுமதி) வாங்கி லைனை அணைத்த பிறகே ஏற வேண்டும், இதில் அவசரம் கூடாது. விளக்கின் பின்புறக் கழுத்தில் பல்லுள்ள திருகு மூட்டு இருந்தால் இரண்டு ஆலன் போல்ட்டைத் தளர்த்தி, கண்ணாடியின் மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவே வரும்வரை இறக்கி முறுக்க வேண்டும். முன்னும் பின்னும் பார்த்தால் போதாது, இடவலமும் பார்க்க வேண்டும். மூட்டு இல்லாத மலிவு விளக்காக இருந்தால் கைக்கும் விளக்குக்கும் இடையே கோணம் திருத்தும் அடாப்டர் ஒன்று செருகலாம். பழைய போல்ட் துருப்பிடித்து உடையும், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ஆடிக் காற்றில் தளரும், ஆகவே ஆவணியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மட்டம் செய்த மறுநாள் ஒரு புகார் வரும், இப்போதே சொல்லிவிடுகிறோம்: எதிர்ப்பக்கம் இருட்டாகிவிட்டது என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். விளக்கின் லென்ஸ் அந்தச் சாலைக்குப் பொருந்தாததை இத்தனை நாள் சாய்வு மறைத்துக்கொண்டிருந்தது. மறுபடி சாய்ப்பது தீர்வு ஆகாது. அகலமான சாலைக்குக் குறுக்கே ஒளி எறியும் லென்ஸ் உள்ள விளக்கை வாங்க வேண்டும், அல்லது கையை அரை மீட்டர் நீட்ட வேண்டும். ஊராட்சியின் 4, 5 மீட்டர் சிமெண்ட் தெருவுக்கு இந்தச் சிக்கலே வராது.

அடுத்தது நிறம். நம் ஊர்களில் பெரும்பாலும் மாட்டப்படுவது 5700 அல்லது 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், அது கூடக் கூட நீலம் கூடும்). அந்த வெள்ளைக்குள் 450 நானோமீட்டர் பக்கம் ஒரு நீல முகடு உண்டு. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். பழைய சோடியத்தின் 590 நானோமீட்டர் மஞ்சளோடு ஒப்பிட்டால் 450 நானோமீட்டர் நீலம் ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறும். பகல் வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். 3000 கெல்வின் விளக்கில் அந்த முகடு வெகுவாகத் தாழ்ந்துவிடும். ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளி 5 முதல் 10 சதவீதம் குறையும் என்று விற்பவர் சொல்வார், அதுவும் சரிதான். தேவைக்கு இரு மடங்கு வாட்டில் விளக்கு மாட்டும் வழக்கத்தை விட்டால் அந்த இழப்பு கணக்கிலேயே வராது. 40 வாட் டியூப்லைட் இருந்த கம்பத்துக்கு 18 அல்லது 20 வாட் எல்இடி போதும். குறைந்த போக்குவரத்துள்ள சாலைக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பது 4 முதல் 8 லக்ஸ் (லக்ஸ் என்பது தரையில் விழும் ஒளியின் அளவு). லக்ஸ் மீட்டரைத் தரையில் வைத்து அளந்தால் பல கம்பங்களுக்கு அடியில் அதைப் போல ஐந்து மடங்கும், இரு கம்பங்களுக்கு நடுவில் அரை லக்ஸும் காட்டும். குறை வாட்டில் இல்லை, ஒளி பரவும் விதத்தில் இருக்கிறது.

டெண்டரில் எழுத வேண்டியது இது. நிற வெப்பநிலை 3000 கெல்வினுக்கு மிகாமல். தட்டைக் கண்ணாடி. கிடைமட்டமாகப் பொருத்தும்போது 90 பாகைக்கு மேல் ஒளி பூச்சியம், அதற்கான ஆய்வக ஒளிப்பரவல் அறிக்கையோடு. கோணம் திருத்தும் கழுத்து. தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 66 காப்பு, திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கும் 10 கிலோவோல்ட் சர்ஜ் பாதுகாப்பு. கடைசி இரண்டும் வானத்துக்காக அல்ல, கோடை மழையிலும் இடி மின்னலிலும் விளக்குக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் பழுதாகாமல் இருக்க. சரக்கு வந்ததும் நூற்றுக்கு ஐந்து விளக்கைப் பெட்டி பிரித்துப் பாருங்கள். மாதிரிக்கு 3000 கெல்வின் காட்டிவிட்டு லாரியில் 6500 கெல்வின் இறக்குவது நடக்கிறது. ஒப்புதல் பெற்ற மாதிரியைப் பக்கத்தில் எரியவிட்டால் வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஹைமாஸ்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு ஹைமாஸ்ட் எண்பது தெருவிளக்குக்குச் சமம். 16 மீட்டர் கம்பத்தில் 200 வாட் ஃபிளட்லைட் எட்டு என்று வைத்துக்கொள்வோம், 1,600 வாட். பேருந்து நிலையம், சந்தைத் திடல், நான்குமுனைச் சந்திப்புக்கு அது தேவைப்படலாம். கோயில் முன்னால் இருக்கும் சிறு திடலுக்கும் ஏரிக்கரைக்கும் தேவையில்லை. 6 மீட்டர் கம்பம் மூன்று அங்கே இன்னும் நன்றாக வேலை செய்யும், மர நிழலும் விழாது. இருக்கும் ஹைமாஸ்ட்டை இறக்கிப் பராமரிக்கும் நாளில் ஃபிளட்லைட்டுகளின் சாய்வைப் பாருங்கள். பெரும்பாலும் 45 பாகைக்கு மேல் நிமிர்ந்து, பக்கத்து வயலுக்கும் அடிவானத்துக்கும் எறிந்துகொண்டிருக்கும். கண்ணாடியைத் தரைக்கு இணையாக்கி, பக்கவாட்டு வீச்சுக்கு ஏற்ற லென்ஸ் உள்ள விளக்காக மாற்றினால் அதே திடலுக்கு நான்கு விளக்கே போதும். பெட்டியில் இரண்டு சர்க்யூட் தனித்தனியாக இருந்தால் இரவு 11 மணிக்கு மேல் ஒன்றை அணையுங்கள். 800 வாட் வீதம் 7 மணி நேரத்துக்கு நாளொன்றுக்கு 5.6 யூனிட், ஆண்டுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் மிச்சம், ஒரே கம்பத்தில்.

டைமர் விஷயத்தில் ஏமாறாமல் இருக்க ஒன்றிரண்டு குறிப்பு. சுற்றும் முகப்புள்ள பழைய டைமர் மின்வெட்டு நேரம் முழுக்க நின்றுவிடும். வாரத்தில் நான்கு மணி நேரம் கரண்ட் போனால் நான்கு மணி நேரம் பின்தங்கும், விளக்கு பகல் பத்து மணிக்கு எரியும். ஒளி உணரும் போட்டோசெல் மீது தூசியும் காக்கை எச்சமும் படிந்தால் அது எப்போதும் இருட்டு என்றே நினைக்கும். விளக்கின் ஒளியே அதன் மேல் விழுந்தால் அணைந்து அணைந்து எரியும். அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்து சூரிய உதய மறைவைத் தானே கணக்கிடும் பேட்டரி டைமர்தான் நிலைக்கும். கிருஷ்ணகிரிக்கு 12.5 வடக்கு, 78.2 கிழக்கு, தருமபுரிக்கு 12.1 வடக்கு, 78.2 கிழக்கு. இங்கே சூரியன் மறைவது நவம்பரில் 5.50ஐ ஒட்டி, ஜூலையில் 6.50ஐ ஒட்டி. மறைந்து 15 நிமிடம் கழித்துப் போடலாம், உதயத்துக்கு 20 நிமிடம் முன்னால் அணைக்கலாம். 300 விளக்கு, தலா 20 வாட் உள்ள ஊராட்சியில் காலை எட்டு மணி வரை எரியும் பழக்கத்தை நிறுத்தினாலே நாளுக்குச் சுமார் 12 யூனிட். நடு இரவில் தானாக மங்கும் டிரைவர் என்று விற்பார்கள். அது முந்தைய இரவுகளில் எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதை வைத்து நடு இரவை யூகிப்பது. கரண்ட் அடிக்கடி போகும் ஃபீடரில் அந்த யூகம் தவறி, எட்டு மணிக்கே மங்கும். அங்கே தெருவை இரண்டு சர்க்யூட்டாகப் பிரித்து டைமரில் விடுவதே நம்பகமானது.

இனி நம் மண்ணுக்கே உரிய ஒரு வெளிச்சம். சாமந்தி குறும்பகல் பயிர், அதாவது பகல் குறுகி இரவு நீண்டால் மொட்டு கட்டும். நம் அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்துக்குள்தான். செடி உயரம் பிடிப்பதற்குள் மொட்டு கட்டிவிடும். அதைத் தள்ளிப்போடச் சில தோட்டங்களில் இரவில் பாத்திக்கு மேல் வரிசையாகப் பல்பு கட்டுகிறார்கள். விவசாயியின் தேவை நியாயமானது, விளக்கை எடுக்கச் சொல்ல நாங்கள் யார். ஆனால் மூடியில்லாத வெள்ளை பல்பு பாதி ஒளியை வானத்துக்குக் கொடுக்கிறது, அதற்கும் மின்கட்டணம் அவர்தான் கட்டுகிறார். ஒவ்வொரு பல்புக்கும் தலைகீழ்க் கிண்ணம் போல உள்ளே வெள்ளையடித்த தகர மூடி ஒன்று மாட்டினால் அந்த ஒளியும் இலைக்குத் திரும்பும். மொட்டு கட்டுவதைத் தடுப்பது 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளி. இரவு முழுவதும் எரிய வேண்டியதும் இல்லை: 10 மணி முதல் 2 மணி வரை போதும், அதிலும் அரை மணிக்கு ஆறு நிமிடம் எரிந்து இருபத்துநான்கு நிமிடம் அணைந்திருந்தாலும் செடிக்கு அது தொடர்ந்த ஒளி போலத்தான். வரிசை வரிசையாக மாற்றி எரியவிட்டால் ஒரே நேரத்து லோடும் ஐந்தில் ஒரு பங்காகும். தோட்டக்கலைத் துறை அலுவலர்கள் ஒரு பாத்தியில் செய்து காட்டினால் விவசாயிகள் தாமே எடுத்துக்கொள்வார்கள்.

திருமண மண்டபங்களும் கடைத் திறப்பு விழாக்களும் வானத்தில் சுழலவிடும் பீம் லைட்டுக்கு அனுமதி தராதீர்கள். அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958இலேயே தேடொளி விளக்கைத் தடை செய்தது, காரணம் பக்கத்து வானாய்வகம். விளம்பரப் பலகைக்குக் கீழிருந்து மேலே அடிக்கும் விளக்கை மேலிருந்து கீழே அடிக்கும்படி மாற்றச் சொல்லலாம், உரிமம் புதுப்பிக்கும்போது இதை ஒரு நிபந்தனையாக்குவது எளிது. கல் குவாரிகளும் கிரானைட் அறுவைப் பட்டறைகளும் இரவில் எரியவிடும் ஃபிளட்லைட்டுக்கும் இதே விதி.

எதிர்வாதங்கள் எங்களுக்குத் தெரியும். இரவுப் பணி முடிந்து வரும் பெண்கள் இறங்கும் நிறுத்தம், மருத்துவமனை வாசல், பொதுக் கழிப்பறை வழி ஆகியவற்றில் ஒரு லக்ஸ் கூடக் குறைக்கச் சொல்லவில்லை. அங்கே கண் கூசும் விளக்குதான் ஆபத்து. கூசும் விளக்குக்கு அப்பால் நிற்கும் ஆள் தெரியமாட்டார், கண்ணின் பாவை சுருங்கிவிடும். மட்டமாகப் பொருத்திய, இதமான மஞ்சள் சாயல் விளக்கில் முகம் தெரியும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பக்கம் யானை வரும் ஊர்களின் அச்சமும் உண்மையானது. வீட்டு வாசலிலும் தெருமுனையிலும் மூடியிட்ட விளக்கு இருக்கட்டும். காட்டைப் பார்த்து ஃபிளட்லைட்டைத் திருப்பி வைத்தால் வெளிச்சத்தின் எல்லையில் நிற்கும் யானை நமக்குத் தெரியாது, அதற்கு நாம் தெரிவோம். வழியில் அசைவு உணரும் விளக்கு இன்னும் உதவும், திடீரென்று எரிவதே ஒரு அறிவிப்பு.

மாற்றம் பலித்ததா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். சப்தரிஷி மண்டலத்தின் வால் பக்கம் வசிஷ்டருக்கு ஒட்டினாற்போல் அருந்ததி இருக்கிறாள். கல்யாணத்தில் மணமக்களுக்குக் காட்டச் சொல்லும் அதே அருந்ததி. ஏப்ரல், மே மாத அமாவாசையை ஒட்டி இரவு ஒன்பதரைக்கு, இருபது நிமிடம் செல்போன் பார்க்காமல் கண்ணை இருட்டுக்குப் பழக்கிவிட்டு வடக்கே பாருங்கள். நல்ல பார்வையுள்ளவருக்கு அருந்ததி தெரியவில்லை என்றால் உங்கள் ஊர் விளக்கு வானத்தில் எரிகிறது என்று பொருள். எண்ணாக வேண்டும் என்றால் வான்தர மீட்டர் என்ற கைக்கடக்கமான கருவி உண்டு. மாசில்லாத வானத்தில் 22ஐ ஒட்டிக் காட்டும், ஒவ்வொரு எண் குறையும்போதும் வானம் இரண்டரை மடங்கு வெளுத்திருக்கிறது. விளக்கு மாற்றும் முன் ஒன்று, பின் ஒன்று, ஒரே இடம், ஒரே நேரம், நிலவில்லாத இரவு என்று எழுதி வையுங்கள்.

மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்பது இரண்டுதான்: மேலே சொன்ன டெண்டர் வரிகளை இரு மாவட்டங்களின் எல்லா உள்ளாட்சிகளுக்கும் ஒரே சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும், சிலியின் அந்த அலுவலகம் போலச் சந்தேகம் கேட்க ஒரு பொறியாளரை நியமிக்க வேண்டும். முதலில் ஊத்தங்கரை, பர்கூர், அரூர் வட்டங்கள், ஏனென்றால் அவை மலைக்கு அருகில்.

ஊராட்சிகளிடம் கேட்பது அதைவிடச் சிறியது. ஒரு தெரு, பத்துக் கம்பம். எல்சி வாங்கிய நாளைச் சொல்லுங்கள். ஏணியும் லைன்மேனும் உங்கள் பக்கம். ரசமட்டம், லக்ஸ் மீட்டர், வான்தர மீட்டர், துருப்பிடிக்காத போல்ட் எங்கள் பக்கம். அன்று இரவே அந்தத் தெருவில் நின்று முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை உங்கள் கையில் தருகிறோம்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் வான்நோக்குநர்கள், அறிவியல் ஆசிரியர்கள், மின்பணியாளர்கள்